வலது நாற்காலியின் முதல் வருஷம்



விமானத்தில் ஏறும்போது இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால், சில சமயம் விமானி அறையின் கதவு திறந்திருக்கும். இரண்டு நாற்காலிகள் தெரியும். இடது நாற்காலி கேப்டனுடையது, வலது நாற்காலி துணை விமானியுடையது. அந்த வலது நாற்காலிக்காரர் நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இருக்கிறது, அந்த ரக விமானத்தை ஓட்டத் தேர்ச்சி பெற்றிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நூற்றைம்பது பேருக்கு அவரும் பொறுப்பாளி. ஆனால் நாளை காலை, "இனி வரவேண்டாம்" என்று ஒரு கடிதம் வந்தால், ஏன் என்று கேட்க அவருக்குப் பெரும்பாலும் வழியில்லை. அவர் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறார். பேச்சுவழக்கில் சொன்னால், புரொபேஷன்.

புரொபேஷன் நமக்குப் புதிய சங்கதி அல்ல. பள்ளி ஆசிரியருக்கு உண்டு, வங்கி எழுத்தருக்கு உண்டு, காவலருக்கும் உண்டு. விமானிக்கு மட்டும் அது ஏன் கூடுதலாகக் கனக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். இந்த விஷயம் நன்றாகப் பதிவாகியிருக்கும் நாடு அமெரிக்கா. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் இந்தப் பருவம் பொதுவாக ஓராண்டு. அங்கே விமானிகளின் தொழில் தகராறுகளை ஆளுகிற சட்டத்தின் பெயரே வேடிக்கையானது: ரயில்வே தொழிலாளர் சட்டம். 1926இல் ரயில்காரர்களுக்காக வந்த சட்டம் அது. 1936இல் விமான நிறுவனங்களையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். அதன்கீழ் நிறுவனமும் விமானிகள் சங்கமும் போடும் ஒப்பந்தங்களின்படி, ஓராண்டை முடித்த விமானியை நீக்க வேண்டுமானால் நிறுவனம் தக்க காரணம் காட்ட வேண்டும். விசாரணை நடக்கும், சங்கத்துக்காரர் பக்கத்தில் உட்காருவார், கடைசியில் நடுவர்வரை போகலாம். ஓராண்டை முடிக்காதவருக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. சங்கம் ஆலோசனை சொல்லும், ஆறுதல் சொல்லும். வழக்காட முடியாது.

இதோடு பணிமூப்புப் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். விமானியின் வாழ்க்கையே அந்தப் பட்டியலில் இருக்கிறது. எந்த ஊரில் இருப்பது, எந்த விமானம் ஓட்டுவது, தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியுமா, எப்போது கேப்டன் ஆவது என எல்லாமே பட்டியலில் எத்தனையாவது ஆள் என்பதைப் பொறுத்தது. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால், இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் அங்கே கடைசி வரிசைதான். சம்பளமும் முதலாண்டுச் சம்பளம்தான். ஆகவே புரொபேஷனில் இருக்கும் எல்லாரும் இளைஞர்கள் என்று நினைக்காதீர்கள். ராணுவத்தில் போர் விமானம் ஓட்டிவிட்டு வந்தவர்கள், சிறிய நிறுவனத்தில் கேப்டனாக இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வயதினர் எல்லாரும் அந்தக் கடைசி வரிசையில் நிற்கிறார்கள்.

நீக்கப்பட்டால் அந்த விவரமும் கூடவே வரும். விமானியின் பழைய வேலைப் பதிவுகளைக் கேட்டு வாங்காமல் ஆள் எடுக்கக்கூடாது என்று 1996இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. இப்போது அது அரசின் மின்னணுத் தரவுத்தளமாகவே மாறிவிட்டது. துணிக்கடையில் வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு துணிக்கடை. விமானிக்கு அடுத்த தெருவிலும் அதே கோப்பு திறந்திருக்கும்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2019 பிப்ரவரி 23 அன்று மயாமியிலிருந்து ஹூஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்த அட்லஸ் ஏர் சரக்கு விமானம், இறங்க வேண்டிய நேரத்தில் டெக்சஸில் ஒரு வளைகுடாவில் விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். விமானத்தை அப்போது ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி, முந்தைய நிறுவனங்களில் பயிற்சியில் தோற்றதை விண்ணப்பத்தில் மறைத்திருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. ஆக, புதிதாக வருபவரைக் கொஞ்ச காலம் கவனித்துப் பார்க்காமல் நிரந்தரமாக்கு என்று யாரும் கேட்க முடியாது. நானும் கேட்கவில்லை. எதைக் கவனிப்பது, யார் கவனிப்பது, எப்படித் தீர்ப்புச் சொல்வது என்பதில்தான் என் வாதம்.

முதல் வருஷம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். முதலில் வகுப்பறை. பிறகு சிமுலேட்டர். இயந்திரம் தீப்பற்றுவது, ஓடுபாதையில் டயர் வெடிப்பது என்று ஒவ்வொரு நாளும் ஒரு விபத்தை நடத்திக் காட்டுவார்கள். பிறகு தேர்வு. தேறியதும் பயிற்றுநர் கேப்டனோடு உண்மையான பயணிகளுடன் பறப்பது. தேர்வு முடிந்த 120 நாளுக்குள் 100 மணி நேரம் பறந்து கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதன்பின் பெரும்பாலும் ரிசர்வ். ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழைப்பு வந்தால் ஓட வேண்டும். கூடப் பறந்த கேப்டன்களிடம் புதியவரைப் பற்றிக் கருத்துக் கேட்பதும் பல நிறுவனங்களில் வழக்கம்.

இதுவரை சரி. சிக்கல் வருவது பறத்தலுக்கு வெளியே இருக்கும் விஷயங்களில். சளி, காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லலாமா? சட்டப்படி, உடம்பு சரியில்லாத விமானி பறக்கவே கூடாது. ஆனால் ஆறு மாதத்தில் மூன்று முறை விடுப்பு எடுத்தவர் என்ற பெயர் வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்? களைப்பாக இருக்கிறது என்று சொல்லலாமா? விமானத்தில் ஒரு பழுது இருக்கிறது, எழுதிவைத்தால் புறப்பாடு தாமதமாகும், எழுதலாமா? எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: கேப்டன் செய்வது தவறு என்று தோன்றினால் வாய் திறக்கலாமா?

இந்தக் கேள்விக்கு விமானத்துறை ரத்தம் சிந்திப் பதில் கற்றிருக்கிறது. 1978 டிசம்பரில் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று போர்ட்லாந்து நகருக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சக்கரத்தில் கோளாறு. கேப்டனின் கவனம் முழுக்க அதில். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது மற்றவர்களுக்குத் தெரிந்தும், அழுத்திச் சொல்லவில்லை. விமானம் ஊருக்குள் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், கீழே இருப்பவர் துணிந்து பேச வேண்டும், மேலே இருப்பவர் காது கொடுக்க வேண்டும் என்பதையே ஒரு பாடமாக்கினார்கள். 1981இல் யுனைடெட்டே அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் அது கட்டாயப் பாடம். வகுப்பில் "பேசு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் "பேசினால் கேள்வி முறையில்லாமல் அனுப்பிவிடுவோம்" என்று இடம் விட்டுவைத்தால், புதியவர் எந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வார்?

அதே யுனைடெட்டில் நடந்த இன்னொரு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. நிறுவனங்கள் செலவைக் குறைக்க வழி தேடின. 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பழைய சம்பளம், புதிதாகச் சேருபவர்களுக்கு வெகுவாகக் குறைந்த சம்பளம். இருப்பவர் பையில் கைவைக்கவில்லை, அதனால் எதிர்ப்பும் குறைவு. யுனைடெட்டின் தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ் இதையே தன் நிறுவனத்திலும் கொண்டுவரப் பார்த்தார். விமானிகள் மறுத்தார்கள். 1985 மே 17 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது.

ஃபெரிஸ் முன்னேற்பாடாக இருந்தார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட புது விமானிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார். பலர் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். முறைப்படி பணிப் பட்டியலில்கூட இன்னும் ஏறாதவர்கள், அதாவது புரொபேஷனுக்கும் ஒரு படி கீழே. வேலைநிறுத்த நாளில் பணிக்கு வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை என்பதுதான் நிலை. காலமும் மோசமான காலம். நான்கு வருஷத்துக்கு முன்புதான் அதிபர் ரீகன், வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை ஒரே வீச்சில் நீக்கியிருந்தார். கருங்காலி என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை, வேலை கிடைத்தால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே போனார்கள். மற்றவர்கள் மறியல் வரிசையைத் தாண்டவில்லை. 29 நாள் நடந்தது அந்தப் போராட்டம். சம்பள விஷயத்தில் உடன்பாடு சீக்கிரமே எட்டிவிட்டது. அதன்பிறகும் வேலைநிறுத்தம் நீண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், இந்தப் புதியவர்களை என்ன செய்வது என்ற கேள்வி. நிறுவனம் அவர்களை எடுக்க மறுத்தது. சங்கம் நீதிமன்றம் போனது. சிகாகோ மாவட்ட நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்களை எடுக்க நிறுவனம் மறுத்தது சட்டவிரோதம் என்று 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஐந்நூறு சொச்சம் பேரும் பணிமூப்போடு வேலைக்கு வந்தார்கள். அமெரிக்க விமானிகள் அவர்களை இன்றும் "570" என்று எண்ணாலேயே குறிப்பிடுகிறார்கள். இனிமேல் வரப்போகிறவர்களின் சம்பளத்துக்காக மூத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள், வந்துகொண்டிருந்தவர்கள் மூத்தவர்களுக்காக வேலையைப் பணயம் வைத்தார்கள்.

கோவிட் காலத்திலும் இந்த ஒற்றுமையின் சாயல் தெரிந்தது. ஆட்குறைப்பு என்று வந்தால் பட்டியலின் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். 2020 செப்டம்பரில் யுனைடெட் விமானிகள் தங்கள் பறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வாக்களித்து, 2,850 பேரின் வேலை போகாமல் அப்போதைக்குத் தடுத்தார்கள். குறைந்த நேரம் என்றால் குறைந்த சம்பளம். மூத்தவர்களும் அதை ஏற்றார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2008 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் சுமார் 1,900 பேரை அனுப்பப்போவதாக அறிவித்தது. பெரும்பாலோர் புரொபேஷனில் இருந்தவர்கள், முதலில் கடிதம் வாங்கியவர்கள் கேபின் ஊழியர்கள். சீருடையோடு இளைஞர்களும் பெண்களும் மும்பையில் தெருவில் நின்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். எதிர்ப்பு கிளம்பிய ஓரிரு நாளில் நிறுவனர் நரேஷ் கோயல் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார். காப்பாற்றியது சட்டம் அல்ல, கூச்சல்.

அரசு ஊழியராக இருந்தால் சட்டம் கொஞ்சம் துணைக்கு வரும். பஞ்சாபில் தகுதிகாண் பருவத்தில் இருந்த இரண்டு நீதித்துறை அலுவலர்களின் வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. புரொபேஷனரை நீக்கும் உத்தரவு எவ்வளவு சாதுவாக எழுதப்பட்டிருந்தாலும், உள்ளே தண்டனை ஒளிந்திருந்தால் நீதிமன்றம் திரையை விலக்கிப் பார்க்கும். ஆனால் இது அரசியல் சாசனம் அரசு ஊழியருக்குத் தரும் பாதுகாப்பு. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் டாடா கைக்குப் போனபிறகு, நம் பெரிய விமான நிறுவனங்கள் எல்லாமே தனியார்தான். இங்கே புது விமானிக்கு இன்னொரு சுமையும் உண்டு. பயிற்சிக்கே பெற்றோர் வீட்டை அடமானம் வைத்திருப்பார்கள். அதற்குமேல், இத்தனை வருஷம் போகமாட்டேன் என்று நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தப் பத்திரம். ஊழியர் போகக்கூடாது, நிறுவனம் அனுப்பலாம் என்றால் அது ஒருவழிப் பாதை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு கவனிப்பு இருக்கட்டும். பறக்கத் தெரியாதவரை, பொய் சொன்னவரை அனுப்பட்டும். ஆனால் அனுப்பும்போது காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், கூட ஒருவரை அழைத்துவந்து பதில் சொல்ல அவருக்கு ஒரு நாள் தர வேண்டும். உடல்நலக் குறைவு, களைப்பு, பழுதுப் புகார், கேப்டனிடம் பேசியது ஆகிய எதுவும் அந்தக் காரணமாக இருக்கக்கூடாது. இதைச் செய்ய எந்த நிறுவனமும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

விமானி வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். பணி ஆணையில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் புரொபேஷன் பகுதியைப் படியுங்கள். ஓராண்டு என்பது சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? அதை நீட்டிக்க முடியுமா, எத்தனை முறை? நிறுவனமே அனுப்பிவிட்டால் பத்திரப் பணத்தைக் கட்ட வேண்டுமா? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.