பொம்மை புகட்டிய பாடம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

விழா மேடையில் பெரும் புலவர்களைப்பற்றிப் பேசுவதே வழக்கம். புகைவண்டி அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் புலமைக்கு உரிமை கொண்டாட இயலாது. ஆதலின், நாமறிந்த வண்டியைப்பற்றியும், அவ்வண்டியின் உருவில் வந்த ஒரு பொம்மையைப்பற்றியும் சில கூற விழைகின்றோம்.

சென்ற நவராத்திரியில் எங்கள் இல்லத்துக் கொலுவில் ஒரு புதுமை நேர்ந்தது. ஜப்பானில் பணிபுரியும் உறவினர் ஒருவர் கொணர்ந்து தந்த இயந்திர மனிதனை நம் மகன் கீழ்ப்படியில் நிறுத்திவிட்டான். கொலுக் காண வந்த முதியவர் ஒருவர், "செட்டியார் பொம்மைக்கும் தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் நடுவே இந்த அரக்கன் எதற்கு?" என்றார். "அரக்கனில்லை தாத்தா, ரயில்!" என்ற சிறுவன், அதன் கைகளை மடக்கி, தலையை உள்ளே தள்ளி, உடலை இரண்டாகப் பிரித்து, நீண்ட மூக்குடைய பச்சை வண்டியாக்கிக் காட்டினான். முதியவர் சிரித்துவிட்டார். நாமோ சிந்திக்கத் தொடங்கினோம்.

அப்பொம்மையின் பெயர் 'ஷின்கலியன்'. அதன் பிறப்பே ஓர் இணைப்பின் கதையாகும். 'தகாரா' என்னும் ஜப்பானிய நிறுவனம் 1980-இல் 'டயக்லோன்' என்ற பொம்மை வரிசையைத் தொடங்கிற்று. ஆறு கட்டுமான வண்டிகள் ஒன்றுகூடி ஒரு பேருருவமாகும் தொகுதியும் அதில் உண்டு. இவ்வகைப் பொம்மைகளையே அமெரிக்காவின் 'ஹாஸ்ப்ரோ' நிறுவனம் 1984-இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்னும் பெயரால் உலகறியச் செய்தது. 'டோமி' என்னும் மற்றொரு நிறுவனமோ, 1959 முதல் நெகிழித் தண்டவாளத்தில் ஓடும் சிறு ரயில்களைச் செய்து புகழ்பெற்றது. 2006-இல் இவ்விரு நிறுவனங்களும் ஒன்றாயின. உருமாறும் மனிதனும் ஓடும் ரயிலும் ஒரே பொம்மையாகி, 2015-இல் ஷின்கலியன் கடைக்கு வந்தது. 2018-இல் தொலைக்காட்சித் தொடராகவும் அது வெளிவந்தது.

வண்டியின் ஒரு பெட்டி மனிதனின் மேலுடலாகும். மற்றொரு பெட்டி கீழுடலாகும். 2021-இல் வந்த புதிய வரிசையிலோ இன்னுமொரு நயம் உண்டு. அதிவேக வண்டியான வீரனுக்குத் துணைவலிமை தருவது யார்? தோக்கியோ நகரைச் சுற்றிவரும் யாமனோத்தே வண்டி போன்ற சாதாரண ரயில்கள்! எக்ஸ்பிரஸ் வண்டிக்குப் பாசஞ்சர் வண்டி தோள்கொடுப்பதைக் காணும்போது, இத்துறையில் ஊழியம் புரியும் நமக்கு உள்ளம் குளிராதா?

இது வெறுங் கற்பனையுமன்று. 1964 அக்டோபர் 1-ஆம் நாள் ஷின்கான்சென் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்துடன் தொடங்கியது. இன்று வடகிழக்குப் பாதையில், 'ஹயபுசா' என்னும் 10 பெட்டி வண்டியும், 'கோமாச்சி' என்னும் 7 பெட்டி வண்டியும் தோக்கியோவிலிருந்து கைகோத்துப் புறப்படுகின்றன. 320 கிலோமீட்டர் வேகம்வரை ஓடுகின்றன. மோரியோகா நிலையத்தில் அவை பிரிகின்றன. ஹயபுசா வடக்கே செல்கின்றது. கோமாச்சியோ, மலைநாட்டுப் பழைய பாதையில் தன் வேகத்தை 130-க்குள் அடக்கிக்கொண்டு அக்கித்தா நகரை அடைகின்றது. நம் நாட்டிலும் பெட்டிகளைக் கழற்றி வேறு வண்டியில் கோக்கும் வழக்கம் ஒருகாலத்தில் மிகுந்திருந்தது. நள்ளிரவில் ஷண்டிங் அதிர்ச்சியால் விழித்தெழுந்து, "எந்த ஊர்?" என்று வினவிய அனுபவம் இங்குள்ள பெரியோர் பலர்க்கு உண்டு. அத்தகைய நிலையத்திற்குத் தமிழில் 'சந்திப்பு' என்றே பெயர். பிரிவும் அங்கேதான் நிகழ்கின்றது. ஆயினும் பெயரென்னவோ சந்திப்பே!

இனி, நம் கொலுப்படியை மீண்டும் நோக்குவோம். கொண்டபல்லிப் பொம்மையின் உறுப்புகளைப் பொனிகி மரத்தில் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் கலந்த பசையால் ஒட்டுகின்றனர். அழகிய வேலை, ஆயின் ஒட்டியபின் பிரிக்கலாகாது. ஜப்பானியப் பொம்மையின் மூட்டோ, சேரவும் பிரியவும் செய்யப்பட்டது. அது மனிதனாய் நிற்கும்போது வண்டியின் மூக்கும் விளக்கும் எங்கும் போய்விடவில்லை. மடங்கி உள்ளே இருக்கின்றன. எதையும் கழற்றி எறியாமலே அது வேறொன்றாகின்றது.

அன்பர்களே! நம் காலனிக் குழந்தைகளும் அவ்வாறே அல்லரோ? பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் இந்தி, வீட்டில் தமிழ் என நாள்தோறும் நான்கு உருவம் எடுக்கின்றனர். இதனைக் குறைசொல்வார்க்கு நாம் உடன்படோம். வாழவைக்கும் ஊரின் மொழியோடு இணைவது வலிமையே. அஞ்சத்தக்கது வேறொன்று. மடங்கிய உறுப்பை நெடுநாள் விரிக்காதிருந்தால் மூட்டு இறுகிவிடும். பின்னர் வலிந்து இழுத்தால் முறியும்.

இதனைப் பிறர்க்கு அறிவுரையாகக் கூறவில்லை. எங்கள் பிழையை ஒப்புக்கொள்கின்றோம். "முதலில் மதிப்பெண், தமிழ் பிறகு" என்று மகனை ஞாயிறு வகுப்பினின்று நிறுத்தியவர் நாமே. அதே நவராத்திரியில் ஊரிலிருந்து அவன் பாட்டியின் கடிதம் வந்தது. உறையின்மேல் அவன் பெயர்தான் இருந்தது. அவனோ அதைப் பிரித்து, இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, பாட்டி என்ன எழுதியிருக்காங்க?" என்று நம்மிடம் நீட்டினான். ஐம்பது உறுப்புகள் மடங்கி விரியும் பொம்மையை நொடியில் மாற்றும் அந்த விரல்கள், தன் பெயருக்கு வந்த கடிதத்தின்முன் தயங்கி நின்றன. அத்தயக்கத்திற்குப் பொறுப்பு அவனுடையதன்று.

அடுத்த ஞாயிறன்றே அவனை வகுப்பிற்கு அழைத்துச் சென்றோம். ஒருகாலத்தில் நிறைந்திருந்த பாயில் பாதி காலியாகக் கிடந்தது. இன்று அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கின்றான். பாட்டிக்கு நான்கு வரி மறுமொழியும் எழுதியுள்ளான். அதில் பிழைகள் உண்டு, நாம் திருத்தவில்லை. பாட்டி அதனைத் தலையணைக்கடியில் வைத்திருப்பதாக ஊரார் கூறுகின்றனர்.

பெற்றோர்களே, வாரத்தில் ஒரு மணிநேரம் கேட்கின்றோம். காலியாயுள்ள பாதிப் பாயை நிரப்பித் தாருங்கள். வரும் நவராத்திரியிலும் அந்தப் பச்சை வண்டி எங்கள் கொலுவில் நிற்கும். காண வாருங்கள், குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்.