உழவுச்சாலில் கிடைத்த பிள்ளையார்

வானொலியில் ஒரு பொருளைக் காட்ட வழியில்லை. அதனால் உங்கள் உள்ளங்கையைக் கொஞ்சம் விரித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கரிய கல்லை வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாங்கொட்டை அளவுதான், வடிவமும் ஏறக்குறைய அதுதான். ஒரு முனை குறுகியிருக்கிறது. மறுமுனை அகன்று, தட்டையாகி, விளிம்பில் கூராகிறது. அகன்ற முனையில் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். குறுகிய முனையில் ஓட்டினால் சொரசொரவென்று தட்டும். ஆற்றில் உருண்டு வந்த கல்லென்றால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். இந்தக் கல்லில் யாரோ ஒருவர் யோசித்து வேலை செய்திருக்கிறார்.

இது புதிய கற்காலக் கோடரி. சுமார் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், ஆடுமாடு மேய்த்து, கொள்ளும் பயறும் விதைத்து, கையாலேயே பானை வனைந்து வாழ்ந்த மக்களின் கருவி. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்வு அவர்களுடைய வாழ்க்கையை ஓரளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட கோடரிகள் சவ்வாதுமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை என்று நம் மலைகளில் உழும்போதும் குழி வெட்டும்போதும் கிடைக்கின்றன. கிடைத்த கல்லை மலை மக்கள் தூக்கி எறிவதில்லை. மரத்தடியிலோ, கூரை வேய்ந்த ஒரு சிறு கோயிலிலோ கொண்டுபோய் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். சில இடங்களில் ஒன்றிரண்டு, சில இடங்களில் குவியலாக. என்ன சாமி என்று கேட்டால் பெரும்பாலும் பிள்ளையார் என்பார்கள்.

இந்த வழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பக்தி என்ற அளவில் மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இதில் ஒரு கலைக்கண் இருக்கிறது.

முதலில் கல்லைச் செய்தவரின் வேலையைப் பார்ப்போம். கருங்கல் வகையில் டோலரைட் என்று ஒன்று உண்டு. துகள் நெருக்கமானது, எளிதில் பிளக்காது. அதைத் தேடி எடுத்து, இன்னொரு கல்லால் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்து, முதலில் ஒரு முரட்டு உருவத்துக்குக் கொண்டுவருகிறார். பிறகு மேடுகளைப் பொடிப்பொடியாகக் கொத்திக் குறைக்கிறார். பிறகு ஒரு பாறையில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்க்கத் தொடங்குகிறார். நாள்கணக்கில் நடந்திருக்கும் வேலை. அப்படித் தேய்த்துத் தேய்த்துப் பாறையில் நீளநீளமாக விழுந்த பள்ளங்களைத் தொல்லியலாளர்கள் இன்றைக்கும் காட்டுகிறார்கள். கோடரி போய்விட்டது, தேய்த்த கையின் தடம் பாறையில் இருக்கிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தச் சொரசொரப்பான முனை. வெட்டும் விளிம்பை அவ்வளவு பாடுபட்டு வழவழப்பாக்கியவர், பின்முனையை ஏன் அப்படியே விட்டார்? சோம்பலால் இருக்க முடியாது. அந்த முனைதான் மரக் காம்புக்குள் இறங்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால்தான் மரம் பிடிக்கும். குறுகிக்கொண்டே போவதால், ஒவ்வொரு வெட்டுக்கும் கல் காம்புக்குள் இன்னும் இறுகும். வேலை செய்யச் செய்யக் கழன்றுபோகும் கருவிகளைத்தான் நாம் கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். வேலை செய்யச் செய்ய இறுகும் ஒரு கருவியை எழுத்தறியாத ஒருவர் யோசித்திருக்கிறார். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதோடு எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். வடிவமைப்பு என்று இன்று கல்லூரி வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

இப்போது கண்டெடுத்தவரிடம் வருவோம். கொல்லிமலைக் காடுகழனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கல்லுக்குப் பஞ்சமே இல்லை. சாமை விதைத்தாலும் மரவள்ளி நட்டாலும் முதல் வேலை கல் பொறுக்குவதுதான். பொறுக்கிய கல்லெல்லாம் வரப்புக்கும் சுவருக்கும் போகிறது. அத்தனை கல்லுக்கு நடுவே ஒன்றே ஒன்றைக் கையில் எடுத்ததும் ஏர் நிற்கிறது. மண்ணைத் துடைத்துப் பார்க்கிறார், புரட்டிப் பார்க்கிறார், இது வரப்புக்குப் போகிற கல் இல்லை என்று முடிவு செய்கிறார். தொல்லியல் என்ற படிப்பு பிறக்கும் முன்பே இந்த முடிவை மலைமேல் எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். மண்வெட்டியும் அரிவாளும் பிடித்துப் பழகிய கைக்கு, இன்னொரு கை இழைத்த பொருள் தொட்டதும் தெரிந்துவிடுகிறது. ஓவியத்தின் முன் நின்று இது நல்ல வேலை என்று சொல்கிற ரசிகரின் தீர்ப்புக்கு இந்தத் தீர்ப்பு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கதைப்படி பார்த்தால் இந்தக் கோடரிகள் அவர்களுடைய பாட்டன் பூட்டன் செய்தவை அல்ல. முன்பின் தெரியாத யாரோ விட்டுப்போனவை. அந்த அந்நியர் செய்த வேலையைத் தங்கள் சாமியாக ஏற்று, வீட்டுப் பிள்ளைபோல் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மக்கள் மீது மரியாதை கூடுகிறது.

உலகத்தில் வேறு எங்கும் இப்படி இல்லையா என்றால், உண்டு. ஐரோப்பாவில் உழவர்கள் இதே போன்ற கற்கோடரிகளை இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று நம்பி, வீட்டில் இடி விழாமல் காக்கக் கூரைக்குள் செருகி வைத்தார்கள். சீனத்தில் பதினோராம் நூற்றாண்டில் மி ஃபூ என்ற ஓவியர், விசித்திரமான ஒரு பாறையைக் கண்டதும் அலுவல் உடை அணிந்து வந்து வணங்கி, அதை அண்ணன் என்று அழைத்ததாகக் கதை. நம் வீடுகளிலேயே சாளக்கிராமம் இருக்கிறது. கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் சுருள் ஓடு. பாரிஸில் 1914-இல் மார்செல் துஷாம்ப் புட்டி காயவைக்கும் இரும்புத் தாங்கி ஒன்றைக் கடையில் வாங்கி, அதைக் கலைப்பொருளாக்கினார். கலை வரலாறு அதைப் பெரிய திருப்பமாக எழுதுகிறது. தன் தேர்வில் அழகு பற்றிய விருப்பு வெறுப்பே கிடையாது என்றார் அவர். கொல்லிமலை உழவர் விருப்பத்தோடு தேர்ந்தெடுக்கிறார். நான் அவர் பக்கம்.

யோசித்துப் பார்த்தால் இந்தப் பழக்கம் நமக்கும் தூரமானது இல்லை. ஆயுத பூஜையன்று சைக்கிளுக்கும் தறிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிறோம். கல்யாணத்தில் பெண்ணை அம்மி மிதிக்க வைக்கிறோம். மிக்ஸி வந்த பிறகு அந்த அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறம் போய், குழியில் காக்கைக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஆனாலும் உடைத்துப் போட யாருக்கும் கை வருவதில்லை. உழைத்த பொருளுக்கு ஒரு மரியாதை உண்டு என்று நமக்குள் ஏதோ ஒன்று சொல்கிறது. மலைமேல் அந்த மரியாதை வருஷத்தில் ஒரு நாளோடு முடிவதில்லை, அவ்வளவுதான்.

கொல்லிமலை என்றதும் படித்தவர்கள் கொல்லிப்பாவையைச் சொல்வார்கள். காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்தாலும் தன் உருக் கெடாத தெய்வப் படிமம் என்று சங்கப் புலவர்கள் அதைப் போற்றினார்கள். அது இருந்த இடத்தைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம். காற்றிலும் மழையிலும் உருக் கெடாத கல் ஒன்று வேண்டுமானால், அது உழவுச்சாலில் உள்ளங்கை அளவில் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கற்களைப் படிப்பாளிகளின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர். சேர்வராயன் மலையில் மலையாளி மக்களின் கோயில்களில் கற்கோடரிகள் வைக்கப்பட்டிருந்ததை அவர் கவனித்து எழுதினார். ஆயுள் முழுக்கச் சேர்த்த கருவிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பார்க்கலாம். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் எண் எழுதி வைத்த கல்லையும், மரத்தடியில் எண்ணெய் மினுங்க நிற்கும் கல்லையும் பார்த்தால் இரண்டும் வேறுவேறு பொருள் போலத் தோன்றும். அருங்காட்சியகம் கல்லின் வயதைக் காப்பாற்றுகிறது. கோயில் அதன் இடத்தைக் காப்பாற்றுகிறது, இந்த ஊர், இந்தக் காடு, இந்த மண் என்று. ஆய்வுக்கு இரண்டும் வேண்டும். இடம் தெரியாத கல் பாதி ஊமை. அதனால் இருக்கிற கல்லைக் கோயிலிலேயே விட்டு வைப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காரில் வருகிறவர்கள் இப்போது அதிகம். மரத்தடியில் கிடக்கும் கல்தானே என்று நினைவுப்பொருளாக எடுத்துப் பையில் போடுவது எளிது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் சாமி, ஊரின் பழமைக்கு ஒரு சான்று. இன்னொரு கவலையும் உண்டு. ஏர் ஓட்டும்போது காலில் இடறிய கல், மண்வெட்டியில் டங்கென்று பட்ட கல், ஜேசிபி இயந்திரத்தின் வாளிக்குள் யாருக்கும் தெரியாமல் மண்ணோடு போய்விடும். கண்டெடுக்கும் கலைக்கே கை வேண்டும்.

ஆடி 17, 18-இல், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு மலையில் அரசு விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள், வில்வித்தைப் போட்டி வைக்கிறார்கள். அங்கே இந்தக் கற்களுக்கும் ஒரு பந்தல் போடலாம். கல்லைக் கொண்டுவர வேண்டாம், படம் போதும். மலைப் பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி வாங்கிப் படம் எடுத்து, அளவு குறித்து வரட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்த ஊர், எந்தக் காடு, எந்தப் பயிருக்கு உழும்போது கிடைத்தது என்று எழுதட்டும். சம்மதித்தால், கண்டெடுத்தவரின் பெயரையும் சேர்த்து எழுதட்டும்.