பெயரை மாற்ற மறுத்தவர்கள்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இன்று நாம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த மூன்று கறுப்பினச் சகோதரர்களின் ராக் இசைத்தொகுப்பு ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி ஆகிய மூவரும் 1971இல் வீட்டு அறையிலேயே ஒரு குழுவைத் தொடங்கினார்கள். முதலில் வாசித்தது ஃபங்க் இசை. 'தி ஹூ', ஆலிஸ் கூப்பர் ஆகியோரின் நிகழ்ச்சிகளைப் பார்த்தபின் வேகமும் இரைச்சலும் கொண்ட ராக் இசைக்கு மாறினார்கள். டெட்ராய்ட் என்றால் மோடவுன் நிறுவனம். கறுப்பர் என்றால் சோல் இசை. அப்படித்தான் சந்தை பிரித்து வைத்திருந்தது. வெள்ளைக்காரப் பாட்டு உங்களுக்கு எதற்கு என்று அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்களே கேட்டார்கள். சிஸ்டர் ரொசெட்டா தார்ப், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பர்கள் உருவாக்கிய இசைதான் ராக். பறித்துக்கொண்ட பிறகு, அதைப் படைத்தவர்களின் பிள்ளைகளையே அந்நியராக்கினார்கள். பறி கொடுத்தவர்களும் அதை நம்பத் தொடங்கினார்கள். இது நமக்குப் புதிய கதையல்ல.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் அவர்களுடைய தந்தை விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்தில் மூத்தவர் டேவிட் குழுவுக்கு 'டெத்' என்று பெயர் வைத்தார். அதாவது சாவு. அச்சமாக மட்டுமே பார்க்கப்படும் சாவை வேறொரு கண்ணால் பார்க்க வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1975இல் டெட்ராய்ட்டின் யுனைடெட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்தது. பன்னிரண்டு பாடல்கள் திட்டம். பெரிய இசைத்தட்டு நிறுவனத் தலைவரான கிளைவ் டேவிஸ் இசையை விரும்பினார், பெயரை மட்டும் மாற்றச் சொன்னார் என்பது சகோதரர்கள் சொல்லும் வரலாறு. டேவிட் மறுத்தார். ஆதரவு நின்றது. ஏழு பாடல்களோடு பதிவும் நின்றது. 1976இல் இரண்டு பாடல்களை மட்டும் சொந்த முயற்சியில் 500 இசைத்தட்டுகளாகப் போட்டார்கள். வானொலிகள் கண்டுகொள்ளவில்லை. 1977இல் குழு கலைந்தது.

பின்னர் மூவரும் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போய், வேறு பெயரில் கிறித்தவப் பாடல்கள் பாடினார்கள். டேவிட் டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார். தம்பிகள் அங்கேயே தங்கி ரெகே இசைத்தார்கள். உலகம் ஒருநாள் இதைத் தேடி வரும் என்று சொல்லி மூலப் பதிவு நாடாக்களை டேவிட் பாபியிடம் ஒப்படைத்தார். 2000இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

அவர் சொன்னபடியே நடந்தது. பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த 500இல் ஒன்றை நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். தம் தந்தை அப்படியொரு குழுவில் இருந்தார் என்பதே அதுவரை தெரியாத பாபியின் மகன்கள், அந்தப் பாடல்களை இணையத்தின் வழியே கேட்டு அதிர்ந்தார்கள். 2009இல் டிராக் சிட்டி நிறுவனம் ஏழு பாடல்களையும் 'ஃபார் தி ஹோல் வேர்ல்ட் டு சீ', அதாவது 'முழு உலகமும் காண', என்ற தலைப்பில் வெளியிட்டது. பத்திரிகைகள் கொண்டாடின. 2012இல் ஆவணப்படம் வந்தது. தம்பிகள் இருவரும் மீண்டும் மேடை ஏறினார்கள். டேவிட் இல்லை.

இந்தக் கொண்டாட்டத்தை நாம் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். 'பங்க் இசை தோன்றும் முன்பே பங்க் வாசித்தவர்கள்' என்றுதான் விமர்சகர்கள் பாராட்டினார்கள். 1976இல் முதல் தொகுப்பை வெளியிட்ட ரமோன்ஸ் என்ற வெள்ளையர் குழுதான் அளவுகோல். அதற்கு முந்தியவர்கள் என்பதால் இவர்களுக்கு மதிப்பு. அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு தாமதத்துக்கு யார் பொறுப்பு என்றும் கேட்கவில்லை. காலம் கண்டுகொண்டது என்று சொல்லும்போது, காலத்தைத் தடுத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

பெயர் சின்ன விஷயம், விட்டுக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவித் தங்களைத் தலித் சிறுத்தைகள் என்று அழைத்துக்கொண்டார்கள். பெயர் வைக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் அங்கெல்லாம் கேள்வி. டேவிட் மறுத்ததும் அந்த உரிமையை விற்பதற்குத்தான்.

இப்போது காரணத்துக்கு வருகிறோம். இன்று நாம் நினைவுகூரும் தோழர் தம் பாடல் தொகுப்புக்குத் தம் சேரியின் பெயரையே தலைப்பாக வைத்திருந்தார். தலைப்பை மாற்றினால் போடுகிறோம் என்றது ஒரு பதிப்பகம். அவர் கையெழுத்துப் படியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கடன் வாங்கி முந்நூறு பிரதி அச்சடித்தார். மிச்சமான கட்டுகள் அவர் வீட்டுப் பரணில் கிடந்தன. நமக்கும் அது தெரியும். இந்த மன்றத்தில் எத்தனை பேர் அன்றைக்குக் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கினோம்? தலைப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது தோழர் என்று அவரிடம் சொன்னவர்கள் நம்மிலும் இருந்தோம். இன்று மாலை போடுவதும் நாம்தான்.

டேவிட்டுக்கு நாடாக்களைக் காத்த ஒரு தம்பி இருந்தார். நமக்கு அந்தத் தம்பியாக இருப்பது இந்த மன்றத்தின் வேலை. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே புத்தகத்தை வாங்குவோம், அச்சடிப்போம், அவரையே இந்த மேடையில் ஏற்றிப் பாடச் சொல்வோம். பரணில் மிச்சமிருக்கும் கட்டுகளை அவர் மனைவி இன்று இங்கே அனுப்பியிருக்கிறார். வாசலில் மேசை போட்டிருக்கிறது. தலைப்பு மாறவில்லை.

ஜெய்பீம்.