வடிகட்டியின் தலையில் இருக்கும் வால்வு

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



கொழுந்து நிறுத்த கையோடு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அட்டை கடித்த இடத்தைக் கூடக் கழுவ நேரமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணி வடிகட்டுகிற பில்டரைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் முழுப் பில்டரைப் பற்றியல்ல, அதன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே ஒரு வால்வு, அதைப் பற்றி.

எனக்குச் சொந்த ஊர் பழுகாமம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. களுவாஞ்சிகுடியில் பஸ் விட்டு இறங்கி, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். திரௌபதை அம்மன் கோயில் உள்ள ஊர், வயல் ஊர். இங்கே நமக்குத் தண்ணி மேலே இருந்து வருகிறது. ஊற்று, பீலி, மலை மேல் தொட்டி. அங்கே தண்ணியைக் கீழே இருந்து எடுக்க வேண்டும். கிணறு, இல்லாவிட்டால் குழாய்க்கிணறு.

என் அக்கா வீட்டில் குழாய்க்கிணறு. அந்தத் தண்ணியில் இரும்பு. மோட்டரைப் போட்டுப் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறத்தில் அடியில் படியும். தண்ணிக்குள் கரைந்து கிடக்கிற இரும்பு காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஒரு லீற்றரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும் என்பார்கள்.

நம்ம தோட்டத்துத் தூளைக் கொண்டுபோய் ஒருமுறை அக்காவிடம் கொடுத்தேன். தேத்தண்ணி ஊற்றினால் மை மாதிரிக் கறுத்துப் போச்சு. “என்ன மச்சான், நல்ல தூளெல்லாம் கொழும்புக்கு அனுப்பிப்போட்டு உனக்குக் கழிவைத் தந்தானுகளா?” என்று அத்தான் கேட்டார். தூளில் பிழையில்லை. தேயிலையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுது மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் கோப்பைக்குள் நடக்கிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு இந்தத் தேத்தண்ணி நமக்கு உதவும்.

அக்காவின் மகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் ஒரு பில்டர் பூட்டினார்கள். நெஞ்சளவு உயரத்தில் பைபர் உருளை. அடியில் சல்லி, அதற்கு மேல் மணல், அதற்கும் மேல் இரும்பைப் பிடிக்கிற கறுப்பு மணல். உச்சியில் வால்வு. இரண்டு வருஷம் நல்ல தண்ணி வந்தது. பிறகு மறுபடியும் உடுப்பில் கறை. பூட்டிய ஆளைக் கூப்பிட்டால், உள்ளே இருக்கிற மணல் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பத்தாயிரக் கணக்கில் ஒரு தொகை சொன்னார். அத்தான் காசு எடுக்க பாங்குக்குப் புறப்பட்டுவிட்டார்.

நான் அப்போது லீவில் போயிருந்தேன். சும்மா வீட்டைச் சுற்றி வரும்போது கண்ணில் பட்டது அழுக்குத் தண்ணி வெளியே போகிற பைப். வால்வின் கைபிடி ‘ஃபில்டர்’ என்ற இடத்தில் நிற்கிறது. அப்படி நிற்கும்போது அந்த வெளிப் பைப்பில் ஒரு சொட்டும் வரக் கூடாது. ஆனால் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது, அடியில் பாசியும் பிடித்திருந்தது. மணலில் குறை இருந்தால் அந்தப் பைப் ஏன் ஒழுக வேண்டும்? குறை வால்வில்.

வால்வு என்ன செய்கிறது என்று விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் லேசு. கைபிடியைச் சுற்றி இங்கிலீசில் எழுதியிருக்கும். ‘ஃபில்டர்’ என்றால் தண்ணி மேலே இருந்து மணலுக்குள் இறங்கி, சுத்தமாகி, வீட்டுக்குப் போகிறது. ‘பேக்வாஷ்’ என்றால் தண்ணி கீழே இருந்து மேலே தள்ளி, மணலைக் கிளறி, பிடித்து வைத்த அழுக்கையெல்லாம் வெளிப் பைப்பால் கொண்டுபோகிறது. ‘ரின்ஸ்’ என்றால் மணல் திரும்பப் படியும் வரைக்கும் முதல் வருகிற தண்ணியை வெளியே விடுகிறது. ஆக, ஊத்தைத் தண்ணியும் நல்ல தண்ணியும் ஒரே சின்னப் பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருக்கின்றன. நடுவே சுவர் என்ன தெரியுமா? வண்டிச் சில்லின் ஆரைக்கால் மாதிரி வெட்டின ஒரு றப்பர். விரல் மொத்தம் கூட இல்லை. நம்ம லயத்துக் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவிலே தகரம் அடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தகரத்தில் ஓட்டை விழுந்தால் என்ன ரகசியம் மிஞ்சும்?

அந்த றப்பர் தேய்ந்தால், அல்லது ஒரு மணல் அதில் குத்திக்கொண்டால், வடிகட்டாத தண்ணி மணல் பக்கமே போகாமல் குறுக்கே பாய்ந்து வீட்டுக்குப் போய்விடும். இரும்பு என்றால் கறை காட்டிக் கொடுக்கும். கிருமி என்றால் காட்டிக் கொடுக்க ஒன்றுமே இல்லை. தண்ணி தெளிவாகவே இருக்கும். நான் இதை இவ்வளவு நீட்டிப் பேசுவது அதனால்தான்.

1892 இல் ஜேர்மனியில் ஹம்பர்க் நகரத்தில் வாந்திபேதி வந்து எட்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். எல்பே ஆற்றுத் தண்ணியை அப்படியே குடித்த நகரம் அது. அதை ஒட்டியே இருக்கிற அல்டோனா, ஹம்பர்க்கின் கழிவும் கலந்த பிறகு அதே ஆற்றில் கீழே இருந்து தண்ணி எடுத்தது. ஆனால் மணலில் வடித்துக் குடித்தது. பெரும்பாலும் தப்பிவிட்டது. இது வரைக்கும் பலர் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் அல்டோனாவிலும் நோய் தலைகாட்டியது. றொபர்ட் கொக் என்ற பெரிய வைத்தியர் தேடிப் பார்த்தால், மணல் தொட்டி ஒன்று கடுங்குளிரில் உறைந்து சரியாக வடிக்காமல் விட்டிருந்தது. மற்றத் தொட்டிகள் இருந்தும் அந்த ஒன்றின் வழியாக நோய் உள்ளே வந்தது. தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம பக்கத்தில் கம்பளையில் 2007 இல் ஹெபடைட்டிஸ் ஏ மஞ்சட்காமாலை பரவியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த நோய் பரவுகிற முக்கிய வழியே அழுக்குத் தண்ணியும் அழுக்குச் சாப்பாடும்தான்.

சரி, அக்கா வீட்டு வால்வைத் திறந்த கதைக்கு வருவோம். இளைஞர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

முதலில் மோட்டரை நிறுத்தி, மேல் தொட்டியிலிருந்து வருகிற தண்ணியையும் பூட்ட வேண்டும். பிறகு வீட்டுப் பைப் ஒன்றைத் திறந்து உள்ளே இருக்கிற அழுத்தத்தை இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்குரூவில் கை வைக்கவே கூடாது. அடுத்து, மூடியிலும் உடம்பிலும் சேர்ந்தாற்போல ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடு நேராக வரவேண்டும். கோடு மாறினால் ‘ஃபில்டர்’ என்று எழுதியிருக்கிற இடத்தில் வேறு வேலை நடக்கும்.

மூடிக்குக் கீழே பலமான சுருள்கம்பி ஒன்று அமுங்கிக்கொண்டு இருக்கிறது. ஒரு பக்கத்து ஸ்குரூவை முழுக்கக் கழற்றிவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போனால் மூடி சரிந்து உடையும், ஆள் முகத்திலும் அடிக்கும். எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கடைசி இரண்டு ஸ்குரூவையும் கழற்றும்போது இன்னொரு ஆள் மூடியை அமத்திப் பிடிக்கட்டும். முகத்தை மேலே நீட்ட வேண்டாம்.

மூடி, கைபிடி, உள்ளே சுழல்கிற வட்டு எல்லாம் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வரும். அக்கா வீட்டில் அப்படித் தூக்கிப் பார்த்தால், ஆரைக்கால் றப்பரின் ஒரு கால் தன் பள்ளத்தை விட்டு வெளியே வந்து முறுகிக் கிடந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபிடியைத் திருப்புவது அந்த வீட்டில் வழக்கம். தண்ணி தள்ளுகிற வேகத்தில் வட்டு திரும்பினால் றப்பர் கிளம்பாமல் என்ன செய்யும்? மோட்டரை நிறுத்தி, கைபிடியை நன்றாகக் கீழே அமத்தி, அப்புறம்தான் திருப்ப வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் வால்வு பல வருஷம் உழைக்கும்.

வட்டின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல் இருந்தால் வட்டையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் றப்பர் மட்டும் போதும். பழைய றப்பரை ஸ்குரூ டிரைவரால் குத்திக் கிளப்பாதீர்கள். பள்ளம் கீறுப்பட்டால் புது றப்பரும் ஒழுகும். சில வால்வுகளில் அதை ஒட்டியிருப்பார்கள், பழைய பசையைச் சுரண்டித் துடைத்துக் காயவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். கைபிடித் தண்டில் சின்ன வளையங்களும் மூடியைச் சுற்றிப் பெரிய வளையம் ஒன்றும் இருக்கும். அவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள். கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், வால்வில் ஒட்டியிருக்கிற எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். கண் மட்டத்தில் வாங்கி வந்தால் இன்னொரு பஸ் காசு வீண்.

வளையங்களுக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டும் மெல்லிசாகத் தடவலாம். வசலின், தேங்காய் எண்ணெய், மோட்டர் சைக்கிள் கிறீஸ் எதுவும் வேண்டாம். சில றப்பர்கள் அவற்றில் ஊறி வீங்கிப் போகும். பூட்டும்போதும் எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அது பிளாஸ்டிக். நம்ம பையன்களின் பலத்தைக் காட்ட வேண்டிய இடம் அதுவல்ல.

பூட்டி முடிந்ததும் முதலில் பேக்வாஷ், வெளித் தண்ணி தெளியும் வரைக்கும். பிறகு ஒரு நிமிஷம் போல ரின்ஸ். அதற்குப் பிறகு ஃபில்டர். அத்தான் வெளிப் பைப்புக்குப் பக்கத்தில் குந்தி இருந்து பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. அக்கா இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினா. கிணற்றுத் தண்ணியில் ஊற்றியது கறுப்பு, பில்டர் தண்ணியில் ஊற்றியது நல்ல சிவப்பு. பாங்குக்குப் போகிற வேலை நின்றது.

இனி, பில்டர் செய்யாத வேலைகளையும் சொல்ல வேண்டும். மணல் பில்டர் உப்பை எடுக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கட கரையோரக் கிணறுகள் உவர் ஏறிப் போனபோது எந்த மணலாலும் அதை வடிக்க முடியவில்லை. கிருமியையும் முழுக்கக் கொல்லாது. 2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பில் கிணறுகளை மூடினதே, அப்படிப்பட்ட தண்ணிக்குக் குளோரினும் கொதிக்க வைப்பதும்தான் வழி. பில்டர் வாங்கிவிட்டோம் என்று அடுப்பில் கேத்தல் வைப்பதை நிறுத்திவிட்ட வீடுகள் இங்கேயும் இருக்கின்றன, பெயர் சொல்ல மாட்டேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணி 100 பாகையில் அல்ல, 94 அளவிலேயே கொதிக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம், கிருமி அதிலும் சாகும். மலையில் இருக்கிற நாம் தளதளவென்று கொதித்த பிறகு மூன்று நிமிஷம் விட்டால் நிம்மதி.

பெரிய பில்டர் இல்லாத வீடுகளில் மெழுகுதிரி மாதிரி வெள்ளைக் கட்டி வைத்த பில்டர் இருக்கும். அதற்கும் இதே கதைதான். கட்டியின் அடியில் ஒரு றப்பர் வாசர் இருக்கிறது. அது இறுகிக் காய்ந்தால் தண்ணி கட்டிக்குள் போகாமல் ஓரத்தால் இறங்கிவிடும். மேல் பாத்திரத்தை நிரப்பி வைத்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக மெதுவாக இறங்கினால் சரி. மளமளவென்று கீழ்ப் பாத்திரம் நிரம்பினால் சந்தோஷப்படாதீர்கள், வாசரைப் பாருங்கள், கட்டியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டியை மெதுவான பிரஷ்ஷால் வெறும் தண்ணியில் தேய்த்தால் போதும், சவர்க்காரம் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. நம்ம பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் இருக்கிற மணல் பில்டரிலும் இதே வால்வுதான். மழை பெய்தால் மேல் ஊற்றுத் தண்ணி கலங்கி வருகிறது, அங்கே குடிப்பது நம்ம கைக்குழந்தைகள். போன கிழமை போய்ப் பார்த்தேன். வெளிப் பைப் ஒழுகுகிறது. எப்போது பேக்வாஷ் செய்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நாள் சொல்கிறார்கள். பிள்ளை பராமரிக்கிற அக்காமாரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்திருக்கிறேன். கிழமைக்கு ஒருமுறை, மழைக் காலத்தில் இரண்டுமுறை, செய்த ஆள் தேதியும் பெயரும் எழுத வேண்டும். றப்பரும் வளையங்களும் ஹட்டனில் சொல்லி வைத்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வால்வைத் திறக்கப் போகிறோம். ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு பையனும் ஒரு பெண்பிள்ளையும் வாருங்கள், கையால் செய்து பழகிக்கொள்ளலாம். ஸ்பனர் என்னிடம் இருக்கிறது. பழைய துணியும், காலியான மாச்சீன் டின் இரண்டும் கொண்டுவாருங்கள், ஸ்குரூக்களைப் போட்டு வைக்க வேண்டும். ஞாயிறு காலை அந்தப் பைப்பில் தண்ணி வராது. சனிக்கிழமை பின்னேரமே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.