பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள்?

(வீரபாண்டியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பத்து நிமிஷம் என்பது வருகைப் பதிவு எடுக்கவே பத்தாது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

‘மாணவர்களை ஊக்கத்துடன் படிக்க வைப்பது எது?’ என்று தலைப்புக் கொடுத்தார் செயலாளர். கூடவே ஒரு செய்தியும் சொன்னார். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளுக்கு நம் சங்கம் ரொக்கப் பரிசு தரப் போகிறதாம். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பணத்தை அப்படிச் செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன். காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாமெல்லாம் எதற்காகப் பள்ளிக்கூடம் போனோம்? உண்மையைச் சொன்னால் நம்மில் பாதிப் பேரை முதலில் இழுத்தது சோறு. 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதை விரித்துக் கொண்டுவந்த சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, மூன்றுமே ‘பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது’ என்ற ஒரே கணக்கில் வந்தவைதாம். தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தாம் பிறகு புத்தகத்தையும் தூக்கினோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் சுவாரசியம். 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 5000 ரூபாய். ‘எட்டு முடிக்கட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று பெற்றோர் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்காகப் படிப்பு! சிரிக்காதீர்கள், அதனால் எத்தனையோ பெண்கள் கூடுதலாக இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்தார்கள். 2022-ல் அதே திட்டத்தை மாற்றிப் புதுமைப் பெண் ஆக்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் கல்லூரியில் படிக்கும்வரை மாதம் 1000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே. என் மாணவி ஒருத்தி சொன்னாள்: “சார், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டுல கையேந்த வேண்டாம் சார். அதான் பெருசு.” 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று ஆண் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

அப்படியானால் பணம் கொடுத்தால் படிப்பார்களா என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். 1973-ல் அமெரிக்காவில் லெப்பர் என்பவரும் அவர் நண்பர்களும் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளில் சிலரிடம் ‘வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் தாமாகப் பேனாவைத் தொடுவது மற்றவர்களைவிடக் குறைந்துபோயிருந்தது. பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது வேறு, ஜெயித்தவனுக்குக் காசு கொடுப்பது வேறு. முதலாவது வழியில் கிடக்கும் கல்லை எடுத்துப் போடுவது. இரண்டாவது, வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் இரண்டு பேருக்கான பந்தயம். மீதி முப்பத்தெட்டுப் பேருக்கும் முதல் நாளே தெரியும், அது தமக்கில்லை என்று. நம் மாநில அரசே 2017-ல் பொதுத்தேர்வு முடிவில் ‘ரேங்க்’ அறிவிப்பதை நிறுத்திவிட்டது. அரசு கைவிட்டதை நாம் எதற்கு மேளதாளத்தோடு திரும்பக் கொண்டுவர வேண்டும்?

அடுத்தது பயமுறுத்தல். ‘படிக்காட்டி ஆடு மேய்க்கத்தான் போவே’ என்று எல்லா அப்பாக்களும் சொல்கிறார்கள். நம் மாவட்டத்துச் சில்வார்பட்டியில் ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை, அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவர், 2020 நீட் தேர்வில் 664 மதிப்பெண் வாங்கினார். முதல் முயற்சியில் அவருக்கு இருநூறுகூட வரவில்லை. ஆசிரியர்களும் நல்ல உள்ளங்களும் கைகொடுத்து இன்னொரு வருஷம் படிக்க வைத்தார்கள். அவர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. எனக்குக் கண்ணில் படுவது அந்த இரண்டாவது வருஷம். அதே 2020-ல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் உயிரியல் வகுப்பில் கேள்வி கேட்கிற கைகள் கூடின. க.விலக்கில் 2004-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கட்டிடம் கண்ணுக்கு முன்னால் நின்றும் வாசல் எங்கே என்று அதுவரை பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் பயமுறுத்தல் பலிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளை நீங்கள் அறிவீர்கள். அம்மா போகிறாள், அத்தை போகிறாள், லீவு நாளில் பிள்ளையும் கூடப் போகிறது. அந்தக் கூலி அந்த வாரமே கைக்கு வருகிறது. படிப்பின் கூலி எப்போது வரும்? பதினைந்து வயசுப் பிள்ளைக்கு ஆறேழு வருஷம் என்பது ஒரு யுகம். டொமினிகன் குடியரசு என்ற நாட்டில் ஜென்சன் என்ற ஆய்வாளர் எட்டாம் வகுப்புப் பையன்களிடம், படித்தவன் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்ற கணக்கை எடுத்துச் சொன்னார். பையன்கள் அதுவரை அதை மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள். தெரிந்ததும் சராசரியாகக் கூடுதல் காலம் படித்தார்கள். ஆனால் மிக ஏழை வீட்டுப் பையன்களிடம் மட்டும் மாற்றமில்லை. புரிந்து என்ன செய்ய, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. 2010-ல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்தபோது நம் ஊரைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு முடிவு பெரும்பாலும் மே மாதம் வருகிறது. ஒன்றிரண்டு பாடத்தில் 35 எடுக்காத பிள்ளைக்கு அதே கோடையில் துணைத்தேர்வு உண்டு. எழுதித் தேறினால் வருஷம் வீணாகாமல் பிளஸ் ஒன் சேரலாம். இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? முடிவு வந்த மறுநாள் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “கணக்குல போயிருச்சுங்க சார். இனி மலைக்குத்தான அனுப்பணும்?” கேள்விகூட இல்லை அது, தீர்மானம். நான் துணைத்தேர்வு பற்றிச் சொன்னதும், “அப்படி ஒண்ணு இருக்கா?” என்றார். அந்தப் பெண் அந்த வருஷமே தேறினாள். பக்கத்துத் தெருவில் தேறாத இன்னொரு பையன் இருந்தான். அவன் வீட்டுக்கு நான் போவதற்குள் ஜீப் முந்திக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் திரும்பவே இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையைத் தேடி மாலை தானாக வரும். நம் பணம் அந்தப் பையனைத் தேடிப் போகட்டும். முடிவு வந்த இரண்டு மூன்று நாளில் தலைமை ஆசிரியர்களிடம் பட்டியல் வாங்கி வீடு வீடாகப் போக வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். காலையில் வகுப்பு, மதியம் சாப்பாடு. கூலி போய்விட்டதே என்று தவிக்கிற வீட்டுக்கு அந்த ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அரிசி பருப்பு. பரிசுப் பணத்துக்கு ஒதுக்கியதில் இது முடியும் என்று பொருளாளரிடம் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினார், வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆள்தான் வேண்டும். கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு எந்த ஊரில் இருந்தாலும் வந்துவிடுகிறீர்கள். அதை ஒட்டித்தான் முடிவும் வருகிறது. தீச்சட்டி பார்த்துவிட்டு மறுநாளே பஸ் ஏறாமல் இரண்டு நாள் கூட இருங்கள். ஓய்வு பெற்றவர்கள் மாதம் முழுக்க இருக்கலாம். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் தேவை, ஆங்கிலத்துக்கு ஒருவர் இருந்தால் போதும், தமிழுக்கு நான் இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் வீடு தேடிப் போக வந்தால் இன்னும் நல்லது. நாங்கள் சொன்னால் வாத்தியார் பேச்சு, நீங்கள் சொன்னால் பக்கத்து வீட்டு அண்ணன், அக்கா பேச்சு.

பெயர் கொடுப்பவர்களுக்காகப் பந்தி முடிந்ததும் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன்.