விடிந்ததும் கரையும் தர்க்கம்

காரியாபட்டிப் பக்கம் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம். எழுதியவர், 1922-ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள். பாட்டுகள் அச்சில் இருக்கின்றன. ஆனால் வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கம் அன்றன்றைக்கு மேடையிலேயே பிறப்பது. வெவ்வேறு ஊர் நடிகர்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. என்ன துணிச்சல்! பொழுது விடிந்ததும் அத்தனையும் காற்றோடு போய்விடுகிறது.

'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி அந்தக் காலத்தில் ஆனந்த விகடனில் கலை விமர்சனம் எழுதினார். நம் ஊர் மேடைக்கும் அப்படி ஒரு காது வேண்டும். கையில் செல்போன் இருக்கிறதே, தம்பி, தங்கைகளே! தர்க்கத்தைக் கலைஞர்களின் சம்மதத்தோடு பதிவுசெய்து பாட்காஸ்ட் ஆக்குங்கள். நாடகம் முடிந்ததும் ஆர்மோனியக்காரரிடம் கேளுங்கள்: "வள்ளி திடீரென்று ராகம் மாறியபோது எப்படி ஈடுகொடுத்தீர்கள், ஐயா?"