பெயரை ஒளித்துவைத்த கவிஞர்



கவிதையையே உயிரெனக் கொண்டவர் ஒருவர். உலகம் அவரை அறிந்ததோ குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த கதைகளால். மாக்ஸ் பிராண்ட் என்ற புனைபெயரால் புகழ்பெற்ற ஃபிரெடரிக் ஷில்லர் ஃபாஸ்ட் என்னும் அமெரிக்கரே அவர்.

1892 மே 29-இல் சியாட்டில் நகரில் பிறந்தார். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்தார். கலிஃபோர்னியாவின் பண்ணைகளில் உடல் வருந்த உழைத்து வளர்ந்தார். பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் கவிஞரெனப் பெயரெடுத்தும் பட்டம் பெறாமலே வெளியேறினார். கவிதை சோறு போடவில்லை. 1917-இல் ராபர்ட் டேவிஸ் என்ற இதழாசிரியர் அவர் கதைகளை ஏற்றார். மலிவுத்தாளில் அச்சான அவ்விதழ்கள் சொற்களை எண்ணிக் கூலி கொடுத்தன. அன்று தொடங்கிய எழுத்து இரண்டரைக் கோடிச் சொற்களைத் தாண்டியது. ஜார்ஜ் ஓவன் பாக்ஸ்டர், இவான் இவான்ஸ், டேவிட் மானிங் எனப் பெயர்கள் பெருகின. சொந்தப் பெயரைக் கவிதைக்கென்றே காத்துவைத்தார்.

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு மாளிகையில் பல்லாண்டு வாழ்ந்தார். இதயநோய் ஒருபுறம், செலவு மறுபுறம். கவ்பாய்க் கதைகள் விரைந்து பிறந்தன. கவிதை வரிகள் மெல்லப் பிறந்தன. 1922-இல் ஒரு தொகுப்பும், 1931-இல் 'டயோனிசஸ் இன் ஹேடீஸ்' என்ற நெடுங்கவிதையும் நூலாயின. படித்தோர் மிகச் சிலரே.

ஆயினும் 1919-இல் நூலான 'தி அன்டேம்ட்' நாவலைப் பாருங்கள். அதன் நாயகன் டான் பாரி ஓர் அநாதை. சீழ்க்கையடித்தபடி, கருங்குதிரையும் ஓநாய் போன்ற நாயும் துணைவரப் பாலையில் திரிபவன். கிரேக்கரின் காட்டுத் தெய்வமான பான் அங்கே கவ்பாய் உடையில் நடமாடுகிறான். செய்யுளில் அவர் தேடி அலைந்த தொன்மம், பொருட்படுத்தாது எழுதிய உரைநடையில் தானே வந்து அமர்ந்தது. 1930-இல் நூலான 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்' திரைப்படமாயிற்று. டாக்டர் கில்டேர் என்ற அவருடைய பாத்திரமும் திரையில் நிலைத்தது.

இரண்டாம் உலகப்போரில், ஐம்பதைக் கடந்த வயதில், நோயுற்ற இதயத்தோடு போர்முனைச் செய்தியாளராகச் சென்றார். 1944 மே மாதம், தாம் வாழ்ந்து மகிழ்ந்த அதே இத்தாலி மண்ணில் குண்டுபட்டு மாண்டார். எஞ்சிய கதைகள் அதன்பின்னும் பல்லாண்டு நூல்களாகிக்கொண்டிருந்தன. கவிதைகள் மறக்கப்பட்டன.

கவிஞர்களே, எது தம் சிறந்த எழுத்து என்று அறியும் உரிமை எழுதியவனுக்கு முழுதும் உண்டா? எளிய வாசகனுக்காக எழுதும்போதும் உள்ளிருக்கும் கவிஞன் உறங்குவதில்லை என்பதற்கு ஃபாஸ்ட் சான்று. அவனைத் தாழ்வாக எண்ணியதே அவர் வாழ்வின் துயரம்.